வினாக்கொத்தில் எது முதலில், எது கடைசியில்?

திருகோணமலைக் கரையோரத்தில் மீனவர் வாழ்வாதாரம் பற்றி ஆய்வு செய்யும் மாணவர்களின் வினாக்கொத்தில் அடிக்கடி கண்ணில் படும் பிழை ஒன்று உண்டு. ஆய்வு நோக்கம் நாலு என்றால் பகுதியும் நாலு. நோக்கங்கள் அறிக்கைக்கு உரியவை. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும் ஐயாவுக்கு அவற்றால் என்ன? தொழில், கடைசியாகக் கடலுக்குப் போனது, பருவம், அபிப்பிராயம், குடும்பம் என்று அவர் வாயில் கதை வருகிற வரிசைதான் பகுதிகளின் வரிசை.

குடும்ப வருமானமும் நிவாரணமும் கடைசிப் பகுதிக்குரியவை. முதல் பக்கத்திலேயே கேட்டால் "அஸ்வெசும பதிவோ தம்பி?" என்று, அரசின் நிவாரணக் கொடுப்பனவுக்கான பதிவாக நினைத்துக் கேட்பார்கள். அதன் பிறகு வரும் எண்கள் எல்லாம் ஒரு படி குறைந்தே வரும்.

முகப்புத் தாளில் வினாக்கொத்து இலக்கம், பிரதேச செயலகப் பிரிவு, கிராம உத்தியோகத்தர் பிரிவு, திகதி, தொடங்கிய நேரம், சம்மதம் ஆகியன போதும். பெயரும் தொலைபேசி இலக்கமும் தேவைப்பட்டால் வேறு தாளில்.

பகுதி 'அ' வடிகட்டி. கடந்த 12 மாதத்தில் தொழிலுக்குப் போகாதவருக்கு நன்றி சொல்லி முடித்துவிடலாம். போனவரிடம் அடுத்த கேள்வி: சொந்த வள்ளமா, பிறர் வள்ளத்தில் பங்குக்கா, கரைவலையா? பங்குக்குப் போகிறவரிடம் எஞ்சின் கடன் பற்றி ஆறு கேள்வி கேட்டால் ஏழாவதுக்கு அவர் எழுந்துவிடுவார். ஆகவே "பங்குக்கு என்றால் இ1க்குச் செல்க" (இ பகுதியின் முதல் கேள்வி) என்பதை விடைக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். பக்கத்தின் அடியில் போட்டால் எவரும் பார்ப்பதில்லை. 1 முதல் 60 வரை தொடர் எண் வேண்டாம். நடுவில் ஒரு கேள்வியைச் செருகினால் 'செல்க' எல்லாம் தவறான இடத்தைக் காட்டும். ஆ1, ஆ2 என்று போனால் சேதம் அந்தப் பகுதியோடு நிற்கும்.

"மாத வருமானம் எவ்வளவு?" என்றால் கிடைப்பது ஒரு ஊகம். உடைத்துக் கேளுங்கள்: கடந்த 7 நாளில் எத்தனை நாள் போனீர்கள், கடைசிப் பயணத்தில் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை, மண்ணெண்ணெய் எத்தனை லீற்றர், கைக்கு வந்தது எவ்வளவு. இதையும் யூலையில் எடுத்து 12ஆல் பெருக்கினால் பிழைதான். வாடைக்காற்றுக் காலத்தில், ஏறக்குறைய நவம்பர் முதல் பெப்ரவரி வரை, இந்தக் கடல் கொந்தளிக்கும்; கரையில் இருந்த நாட்களைக் கேட்கத் தனிப் பருவப் பகுதி தேவை.

அபிப்பிராயப் பகுதியில் ஐந்து படி அளவுகோல் போதும். "கடனும் மண்ணெண்ணெய் விலையும் தொழிலைப் பாதிக்கின்றன" என்பது இரண்டு கேள்வி, பிரியுங்கள். "உதவி கிடைப்பதில்லை" என்ற கூற்றுக்கு "உடன்படவில்லை" என்று பதில் வந்தால், கேட்டவருக்கும் சொன்னவருக்கும் தலை சுற்றும். "தெரியாது" என்பதை நடுநிலையான 3இல் தள்ளாதீர்கள்: தெரியாது 98, சொல்ல விருப்பமில்லை 99. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளில் இவற்றை விடுபட்ட பெறுமதி என்று அறிவிக்க மறந்தால், ஒரு வீட்டில் 99 பிள்ளைகள் இருப்பார்கள்.

சிங்களப் பிரதியிலும் அதே எண்கள், அதே குறியீடுகள். அதை மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்பத் தமிழாக்கிப் பார்க்க வேண்டும்.

மாதிரியில் சேராத பத்துப் பேரிடம் முன்னோட்டம் பார்த்து, ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரத்தைத் தனித்தனியே குறியுங்கள். மொத்தம் 25 நிமிடத்தைத் தாண்டினால் அபிப்பிராயப் பகுதியில் கத்தரியை வையுங்கள், கடைசிப் பயணக் கேள்விகளில் அல்ல.