அம்மாவின் படத்துக்கு ஒரு புடவை

எங்கள் தாத்தா வாழ்நாளில் சட்டை போட்டவர் இல்லை. இடுப்பில் நாலு முழம், தோளில் துண்டு, அவ்வளவுதான். அவர் போன பிறகு படம் வேண்டுமே என்று தேடினால் ஒரு பழைய குரூப் போட்டோதான் கிடைத்தது. அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, கோட்டு மாட்டி, டையும் கட்டிக் கொடுத்துவிட்டார் ஸ்டூடியோக்காரர். இருபது வருஷமாக அதற்குத்தான் மாலை போடுகிறோம். யாரோ பேங்க் மேனேஜருக்குத் திதி கொடுக்கிற மாதிரி இருக்கும்.

போன தை மாதம் அம்மா திடீரென்று, "நான் நல்லா இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வச்சிடுடி, எனக்கும் கண்டதை மாட்டி விட்டுடாதீங்க" என்றாள். 63 வயது, சர்க்கரையைத் தவிர ஒரு குறையும் கிடையாது. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது, அவள் கத்திரிக்காய் வாங்கி வரச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

சரி, என்ன புடவை? இதற்கு மூன்று நாள் ஆனது.

முதலில் அம்மா எடுத்தது கல்யாணக் கூறைப்புடவை. நாங்கள் மாயவரத்துக்காரர்கள், கூறைநாடு எங்களுக்குக் கூப்பிடு தூரம், அதனால் அந்தப் புடவைமேல் அவளுக்குத் தனி கர்வம். பிரித்தால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. நாற்பது வருஷம் ஒரே மடிப்பில் வைத்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே விட்டுவிடும், அவ்வப்போது மாற்றி மடிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்பவள் இவள்தான். கிழியாத பக்கத்தைத் தோளில் போட்டு மொபைலில் எடுத்துப் பார்த்தேன். அதில் இருக்கும் பொடிக் கட்டங்கள் ஸ்க்ரீனில் அலை அலையாக நெளிந்தன. நெருக்கமான கோடு, சின்னக் கட்டம் எல்லாம் கேமராவில் இப்படித்தான் விளையாடும், அதுவும் படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தால் இன்னும் மோசம். அண்ணனுடைய ஆபீஸ் ஐடி கார்டில் பொடிக்கோடு போட்ட சட்டை வானவில் மாதிரித் தெரிவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்து அக்கா ஒரு கட்சி. வீடியோ காலிலேயே, "அந்த அரக்குக் காஞ்சிபுரம், பெரிய பார்டர்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கட்டிப் பார்த்தோம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் ஜரிகைதான் முதலில் கண்ணில் படுகிறது, அம்மா முகம் அதற்குப் பின்னால் எங்கேயோ இருக்கிறது. ரவிக்கை வேறு பிடித்ததால் பக்கத் தையலைப் பிரித்தோம், பிரித்த இடம் மட்டும் புதுத்துணி நிறத்தில் பட்டையாகத் தெரிந்தது. "இது சம்பந்தி வீட்டுக்குப் போற ஜானகி, நான் இல்லை" என்று அம்மாவே அவிழ்த்துப் போட்டாள். சந்தன நிறத்தில் ஒன்று பார்த்தோம், முகத்துக்கும் புடவைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, மொபைலில் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முகமும் துணியும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்தத் துணி வேண்டாம்.

இதையெல்லாம் செய்த பிறகுதான் ஸ்டூடியோவுக்குப் போய் பின்னால் என்ன திரை போடுவார்கள் என்று கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். இரண்டுதான், வெளிர் நீலம், அடர் சாம்பல். அம்மாவுக்குத் தலை முக்கால்வாசி வெள்ளை, வெளிர் நீலத்தில் முடி கரைந்துவிடும், அதனால் சாம்பல். அப்படியானால் அடர் பச்சையும் கறுப்பும் வேண்டாம், தோளும் திரையும் ஒன்றாகிவிடும். இன்னொன்றும் அங்கேதான் உறைத்தது. எடுக்கப்போவது மார்பளவுப் படம். ஐந்தரை மீட்டர் புடவையில் தெரியப்போவது தோளில் இரண்டு சாண், அப்புறம் ரவிக்கைக் கழுத்து. முந்தானை வேலைப்பாட்டுக்காக மூன்று நாள் சண்டை போட்டிருக்கிறோம்!

கடைசியில் வந்தது நெகமம் காட்டன், வெங்காய நிறம், ஒல்லியான அரக்குக் கரை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கட்டுவது. லேசாகக் கஞ்சி போட்டு, தெருமுனை வண்டியில் இஸ்திரி போட்டு, மடிக்காமல் கொடியில் தொங்கவிட்டேன்.

ஸ்டூடியோவில் அந்தத் தம்பி வந்ததும் வராததுமாக மடிப்பை அடுக்கி, தோளில் பின் குத்தி, அம்மாவை ஏர் ஹோஸ்டஸ் ஆக்கிவிட்டார். அம்மா ஒன்றும் பேசாமல் பின்னைக் கழற்றினாள். தலைப்பை முதுகு வழியாக இழுத்து வலது தோளில் போர்த்திக்கொண்டாள், வீட்டுக்கு யாராவது வந்தால் செய்வாளே, அதே மாதிரி. கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது, கழற்றிவிடலாமா என்றார். எழுந்ததும் முதலில் கண்ணாடியைத் தேடுகிறவள், அது இல்லாமல் எடுத்தால் வேறு யாரோ. முடியாது என்றேன். காதுக்கு மேல் கண்ணாடிக் காம்பை ஒரு நூல் தூக்கி வைத்தார், கண்ணாடி கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்தது, வெளிச்சம் போய்விட்டது. கெட்டிக்காரத் தம்பிதான். பவுடரை மட்டும் துடைக்கச் சொன்னார், ஃபிளாஷில் திட்டுத்திட்டாகத் தெரியுமாம்.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. ஆனால் அவர் அனுப்பிய முதல் படத்தில் அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது. சுருக்கம் இல்லை, மூக்குப் பக்கத்து மச்சமும் இல்லை. "மச்சத்தை எங்கடி காணோம்?" என்று இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கித் தேடினாள். திரும்பப் போட்டுக் கொடுத்தார்.

12-க்கு 15 அளவில் ஃப்ரேம் போட்டு வாங்கி வந்தேன். ஆணி எங்கே அடிக்கலாம் என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அதைப் பழைய வேட்டியில் சுற்றி, பீரோவில் கூறைப்புடவைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டாள். "இப்ப என்ன அவசரம்?"