வில்லங்கம் 'இல்லை' என்று வந்த பிறகு

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் பூட்டனார் கட்டிய வீட்டை மராமத்துப் பார்க்கப் பங்காளிகள் ஒருவழியாகச் சம்மதித்தார்கள். முதலில் யாருக்கு எந்தப் பாகம் என்று ஆதாரத்தோடு எழுதி வாருங்கள் என்றார் வக்கீல். ஊரில் இருப்பவன் நான். என் தலையில் விழுந்தது.

சொத்தின் மீது பதிவான கிரயம், அடகுகளைக் காட்டும் வில்லங்கச் சான்று 1975க்குப் பிந்தையது இணையத்திலேயே கிடைத்தது. பதிவு எதுவும் இல்லை. அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் தேடி வாங்க வேண்டியிருந்தது. அதிலும் 'இல்லை'. விற்காத, அடகு வைக்காத வீட்டுக்கு என்ன வரும்? வாய்மொழிப் பாகப்பிரிவினைக்குப் பதிவு வேண்டாம். உயிலைப் பதிவதும் கட்டாயமில்லை.

கடைசியில் பெட்டகத்தில் ஒரு பாக முறி, அதாவது பாகம் பிரித்த பத்திரம், அகப்பட்டது. தேதி 'பார்த்திப வருஷம்'. அறுபது வருஷத்துக்கொருமுறை திரும்பும் பெயர். 1885ஆகவும் இருக்கலாம், 1945ஆகவும் இருக்கலாம். பெரியப்பச்சிக்கு (அப்பாவின் அண்ணன்) 1885தான் வேண்டும், வீடு அத்தனை பழசு என்று சொல்லிக்கொள்ள. முத்திரைத்தாளில் ஆறாம் ஜார்ஜ் தலை இருந்தது, ஆகவே 1945தான். "கிங்கு கெடுத்துட்டாரேப்பா" என்றார். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்து, அங்கிருந்து வரும் பணம் நின்றபின் பிரித்திருக்கிறார்கள் என்றால் கணக்கும் சரியாக வருகிறது.

ஆனால் முறியில் உள்ள பெயர்கள்! பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர் வைப்பது வழக்கம், ஆகவே தலைமுறை விட்டுத் தலைமுறை அதே பெயர். பெயருக்கு முன் வரும் விலாச எழுத்துகளையும், கல்யாணத்தில் எழுதிய இசைபிடிமானங்களையும் (திருமண ஒப்பந்தங்கள்) ஒப்பிட்டுத்தான் எந்த ராமநாதன் எவர் என்று பிரித்தேன்.

கட்டிய காலத்தைச் சொன்னது பக்கத்து வீட்டுப் பத்திரங்கள். நமக்கு அவர்கள் எல்லை, அவர்களுக்கு நாம் எல்லை. 1908 கிரயத்தில் அவர்களுக்கு மேற்கே எங்கள் 'காலிமனை'. 1923இல் அதே இடத்தில் 'மச்சு வீடு'. நடுவில் எப்போதோ தேக்கு வந்து இறங்கியிருக்கிறது. சொந்தப் பத்திரத்தை மட்டும் தேடுகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

முகப்பும் பட்டாலைக் கூடமும் உள்முற்றம் சூழ்ந்த வளவும் பொது, அறைகள் மட்டும் தனித்தனி என்று முறியில் இருந்ததால் மராமத்துச் செலவைப் பிரிப்பதில் சண்டை வரவில்லை. இனி வாரிசுச் சான்றுகள். மலேசியாவிலுள்ள பங்காளிகளிடமிருந்து வரும் பவர் பத்திரத்துக்கு இங்கு வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அதனால் எல்லாரையும் ஒரே சமயத்தில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.