பிரான்மலைப் படியில் கரடிப் பேச்சு

முன்னோர்களுக்கான படைப்பு முடிந்த மறுநாள் கானாடுகாத்தான் வீட்டில் யாருக்கும் வேலை இல்லை. வளவில் நாலு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள், மிச்சம் பேர் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையின் குளிர்ச்சியில் படுத்துவிட்டார்கள். நண்பனின் அண்ணன் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு முகப்பில் நின்றார். "தம்பி, பிரான்மலை ஏறலாமா?"

அண்ணன் இருப்பது அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில், போஸ்மன் என்ற ஊரில். கம்ப்யூட்டர் வேலை. ஆனால் செப்டம்பர் பிறந்தால் வில்லைத் தூக்கிக்கொண்டு எல்க் வேட்டைக்குப் போய்விடுவார். எல்க் என்றால் நம் கடமானைப் போல ஒரு பெரிய மான்; நன்றாக வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தொடும். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அங்கே லைசென்ஸ், பருவம், எத்தனை அடிக்கலாம் என்ற கணக்கு எல்லாம் அரசே வகுத்திருக்கிறது. முந்தின இரவு பந்தியில் ஆச்சி, "மானை அடிக்கிறது பாவமில்லையாய்யா?" என்று கேட்டபோது அண்ணன் சிரித்துவிட்டு, "நாமளும் இப்ப கோழி உப்புக்கறிதானே ஆச்சி சாப்பிடுறோம்" என்றார். ஆச்சி விடவில்லை. "கோழி திருப்பிக் கடிக்காது. அந்தக் காட்டுல கரடி கிடக்காமே?"

அங்கே ஆரம்பித்த பேச்சு மறுநாள் பிரான்மலை வரை நீண்டது.

காரைக்குடியைத் தாண்டி, குன்றக்குடி மலையை ஓரக்கண்ணால் கும்பிட்டுவிட்டு, திருப்பத்தூர் பக்கம் போனோம். வழியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்கு ஒரு எட்டு. அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடமாட்டார்கள். கண்மாய்க் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறியதும், நம் பக்கத்து வேட்டையைப் பற்றிக் கேட்டார் அண்ணன். சிவராத்திரியை ஒட்டி இந்தச் சீமையில் பாரி வேட்டை என்று கிளம்புகிற வழக்கம் உண்டு. வனத்துறை ஒவ்வோர் ஆண்டும் எச்சரித்து, காவல் போட்டுத் தடுக்கிறது. அந்தக் காலத்தில் ஊரே திரண்டு, நாய், கம்பு, வளரியோடு கத்திக்கொண்டே முயலை விரட்டும்.

"அந்த வேட்டைக்குக் கரடியால ஆபத்தே வராது. அவ்வளவு சத்தம். என் வேட்டைதான் வம்பு" என்றார்.

ஏன் வம்பு என்று அவர் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. கரடிக் காட்டில் நடக்கிறவனுக்கு வனத்துறை சொல்லும் புத்திமதிகள் என்ன? கூட்டமாகப் போ, பேசிக்கொண்டே போ, விடியலிலும் அந்தியிலும் புதருக்குள் நுழையாதே. வில்வேட்டைக்காரர் செய்வது அத்தனையும் இதற்கு நேர்மாறு. தனியாகவோ இரண்டு பேராகவோ போவார். சருகு மிதிபடாமல் நடப்பார். இலை தழை நிறத்தில் உடுப்பு. தன் வாடை மானுக்குப் போகாதபடி காற்றை எதிர்கொண்டே நகர்வார். போதாக்குறைக்குப் பெண் மான் மாதிரிக் குரல் கொடுத்து ஆண் மானை வரவழைப்பார். அந்தக் குரல் மானுக்கு மட்டும்தான் கேட்கும் என்று யார் சொன்னது? வேட்டைக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு சுலபமாகக் கரடியின் மடியில் போய் விழுவார். அது படுத்திருக்கும் புதருக்குப் பத்தடி பக்கத்தில் போய்த்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

அவர் போகும் பக்கம் பழுப்புக் கரடிகளில் ஒரு வகையான கிரிஸ்லி கரடிகள் உண்டு. அலாஸ்கா நீங்கலாக அந்த நாட்டில் இவை அருகிப்போய், 1975இல் பாதுகாக்கப்பட்ட இனமாக அறிவித்தார்கள். எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் சுற்றுவட்டாரத்தில் அப்புறம் எண்ணிக்கை நன்றாகவே கூடியிருக்கிறது. வேட்டைப் பருவமும் கரடிக்குப் பசியெடுக்கும் பருவமும் ஒன்றாக வருவது இன்னொரு சிக்கல். குளிர்கால உறக்கத்துக்கு முன் கொழுப்புச் சேர்க்க வேண்டும் என்று, இலையுதிர் காலத்தில் ஒரு கரடி நாளொன்றுக்கு 20,000 கலோரி வரைக்கும் தின்று தீர்க்கும்.

சிங்கம்புணரியில் டீ குடித்துவிட்டுப் பிரான்மலை அடிவாரம் சேர்ந்தோம். கொடுங்குன்றநாதரை வணங்கிவிட்டு ஏறத் தொடங்கினோம். சுமார் 2,500 அடி உயரம். பாரி ஆண்ட பறம்பு மலை இதுதான் என்பார்கள். அந்த மலையில் உழாமலே கிடைக்கும் என்று கபிலர் அடுக்கியவை மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். இதில் பலாவும் தேனும் நம் ஊர்க் கரடிக்கு உயிர். பாரி காலத்து வேடர்கள் என்ன முன்னேற்பாடு வைத்திருந்தார்களோ தெரியாது. இன்றைக்கு எங்களுக்கு இருந்த பயமெல்லாம் குரங்குக்குத்தான்.

பாதை வளைகிற இடங்களில் அண்ணன் இரண்டு தட்டுத் தட்டி, "ஏய், வழி விடு!" என்று குரல் கொடுத்தார். முன்னால் போன ஒரு குடும்பம் மிரண்டு ஒதுங்கியது. "மன்னிச்சுக்கங்கம்மா, உங்களைச் சொல்லலை." கை தன்னால் தட்டிவிடுகிறதாம். அங்கே எல்லாரும் "ஹே பேர்", அதாவது "ஏய் கரடி" என்று கத்துவார்கள். இவர் தமிழில்தான் கத்துவார். மனிதக் குரல் என்று கரடிக்குத் தெரிந்தால் போதும். காலில் மணி கட்டிக்கொள்வதெல்லாம் வீண் வேலை. வேட்டையில் இருக்கும்போது கத்த முடியாது, சரி. கூடாரத்துக்குத் திரும்பும்போதும், தண்ணீர் எடுக்கப் போகும்போதும் கத்தலாமே.

பாதி மலையில் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தபோதுதான் கரடியை விரட்ட அதன் முகத்தில் பீய்ச்சும் கரடி ஸ்பிரே பற்றிய பாடம் நடந்தது. அசல் டப்பாவை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, பெட்டியிலும் போட முடியாது. அதனால் என் தண்ணீர் பாட்டில்தான் ஸ்பிரே. என் முதுகுப்பையின் பக்கவாட்டுப் பையில் அது இருந்தது. "எடு பார்ப்போம்." முழங்கை மடங்கி, விரல் துழாவி, பாட்டில் வலைத்துணியில் சிக்கி, நான் அதை உருவுவதற்குள் அண்ணன் எழுந்து வந்து என் தோளில் கை வைத்துவிட்டார். "முடிஞ்சது. நீ போயாச்சு." கிரிஸ்லி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், முப்பது மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு விநாடி சொச்சம் போதும். அப்புறம் தன் துண்டை என் இடுப்பில் இறுக்கிக் கட்டி, வலது கை தொங்கும் இடத்தில் பாட்டிலைச் செருகிவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை அவர் எழுவதற்குள் பாட்டில் அவர் முகத்துக்கு நேரே இருந்தது. இடுப்பிலோ நெஞ்சுப் பட்டையிலோ மாட்ட வேண்டும். பைக்குள் இருக்கும் ஸ்பிரே வீட்டில் இருக்கும் ஸ்பிரேதான்.

டப்பாவில் இருப்பது மிளகாயின் காரச்சத்துதான், கேப்சைசின் வகையறா, ஒன்று முதல் இரண்டு சதவீதம். முந்தின இரவே இதைக் கேட்டுவிட்டு, "நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாயை அரைச்சுக் கட்டித் தாறேன், கொண்டு போ" என்று ஆச்சி முன்வந்தார். காரத்தில் குறைவிருக்காது, ஆனால் அதை ஏழெட்டு மீட்டருக்குப் புகைமூட்டமாகப் பீய்ச்சும் அழுத்தம் வேண்டும். மனிதரிடமிருந்து தப்பப் பெண்கள் கைப்பையில் வைத்திருக்கும் சின்னக் குப்பி இதற்கு ஆகாது. கரடி பத்து மீட்டரை நெருங்கும்போது சற்றுக் கீழ்நோக்கிப் பிடித்து அடித்தால், ஓடி வருகிற கரடி அந்த மேகத்துக்குள் தானே புகும். கொசுமருந்து மாதிரி கூடாரத்தின் மேல் அடித்து வைப்பவர்களும் இருக்கிறார்களாம். காய்ந்த அந்த வாடை கரடியை வரத்தான் வைக்கும்.

துப்பாக்கி இருந்தால் இதெல்லாம் எதற்கு என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. நானும் கேட்டேன். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் திரட்டி 2008இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஸ்பிரே அடித்தவற்றில் 92 சதவீதம் பழுப்புக் கரடிகள் தம் வேலையை நிறுத்திக்கொண்டன. 2012இல் துப்பாக்கி பற்றி எழுதினார்கள்: 269 சம்பவங்களில், துப்பாக்கியைப் பயன்படுத்தியவருக்கும் பயன்படுத்தாதவருக்கும் முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. என் கணக்கில் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை. ஸ்பிரே பட்டியலில் சும்மா வேடிக்கை பார்க்க வந்த கரடிகளும் உண்டு. ஆனாலும் புதரிலிருந்து பாய்ந்து வரும் கரடியை இரண்டு விநாடியில் குறிபார்த்துச் சுடுவது எத்தனை பேருக்குக் கைவரும்? காயம்பட்ட கரடி இன்னும் மோசம். அண்ணனுக்கு வில் ஒரு கையில், ஸ்பிரே இடுப்பில். துப்பாக்கி எடுப்பதில்லை.

நான் நினைத்திருந்தது, மானைத் தேடி நடக்கும்போதுதான் ஆபத்து என்று. இல்லையாம், மான் விழுந்த பிறகுதான் உண்மையான வம்பு. ஈரல், குடல், ரத்தம் என்று வாடை காட்டுக்குள் பரவுகிறது, வேட்டைக்காரரோ குனிந்து கத்தியில் கண்ணாக இருக்கிறார். ஆகவே ஒருவர் அறுத்தால் மற்றவர் முதுகைக் காட்டாமல் காவல் நிற்க வேண்டும். எல்க் இறைச்சியை ஒரே நடையில் தூக்கி வர முடியாது. குடல் குவியலை அங்கேயே விட்டு, கறியை நூறு மீட்டராவது தள்ளிக் கொண்டுபோக வேண்டும். தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்துக்குக் குறையாமல், தூரத்தில் இருந்தே கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திறந்த இடத்து மரத்தில் கட்ட வேண்டும்.

மறுநாள் மிச்சத்தை எடுக்கப் போகும்போது நேரே போய் நிற்கக் கூடாது. எதிர்ப்பக்க மேட்டில் நின்று பைனாகுலரில் பார்க்க வேண்டும். காக்கை கூட்டமாக எழுகிறதா, கட்டிய பை கலைந்திருக்கிறதா, மண்ணும் புல்லும் போட்டு எதையாவது மூடியிருக்கிறதா? கரடி தன் சொத்தை அப்படித்தான் புதைத்து வைக்கும். மூடியிருந்தால் கதை முடிந்தது, கறி அதற்கு. வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். "பத்து நாள் அலைஞ்சு அடிச்ச மானை விட்டுட்டு வர மனசு வருமாண்ணே?" என்றேன். "வரணும். அதுக்கு உன்கூட எல்லைத் தகராறு கிடையாது, பசிதான்."

எல்லாம் தவறிக் கரடி மேலே விழுந்துவிட்டால்? கிரிஸ்லி மிரண்டு தாக்கினால் குப்புறப் படுத்து, விரல்களைப் பிடரியில் கோத்து, காலை அகட்டி, பையைக் கழற்றாமல் அசையாமல் கிடக்க வேண்டும். ஆபத்து போய்விட்டது என்று அதற்குத் தோன்றினால் விட்டுவிடும். அங்கே உள்ள இன்னொரு இனமான அமெரிக்கக் கருங்கரடி தாக்கினாலோ, எந்தக் கரடியானாலும் இரவில் கூடாரத்துக்குள் புகுந்து இழுத்தாலோ, கையில் கிடைத்ததை வைத்து மூக்கிலும் முகத்திலும் அடித்துப் போராட வேண்டும். முதுகு காட்டி ஓடுவது மட்டும் எப்போதும் கூடாது.

உச்சியில் தர்காவுக்குப் பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டே, நம் ஊர்க் கரடியைப் பற்றி இதே கேள்வியைப் போட்டேன். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் தேயிலைத் தோட்டங்களில் கோயில் விளக்கு எண்ணெயைக் குடிக்க வருகிற அதே கரடி. கடையம் பக்கம் 2022இல் ஆட்களைக் கடித்துக் குதறியதும் அதுதான். கறிக்கு ஆசைப்படாது, கறையான், எறும்பு, தேன், பழம். ஆனால் புலியோடு ஒரே காட்டில் காலம் தள்ளும் பிராணி. திடுக்கிட்டால் ஓடாமல் எழுந்து நின்று முகத்தில் பாயும் குணம் அதிலிருந்து வந்தது என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆகவே அண்ணனின் பாடத்தில் மானும் கறியும் நமக்குத் தேவையில்லை, கைதட்டல் தேவை. விறகுக்கோ, தோட்டத்துக்கோ போகிறவர்கள் விடியலிலும் அந்தியிலும் தனியே போகாமல், பேசிக்கொண்டே போனால் பாதிச் சிக்கல் தீரும். நாயைக் கூட்டிப் போவது எனக்கு உவப்பில்லை. குரைத்துக் கிளப்பிவிட்டு, கரடி துரத்தும்போது நம் காலுக்குத்தான் ஓடிவரும்.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. ஏறுகிறவர்கள் ஆறு மணிக்கே தொடங்குங்கள், தண்ணீர் அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தின்பண்டத்தைக் கையில் தொங்கவிடாதீர்கள். அண்ணனின் கையிலிருந்த கந்தரப்பப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனது. இடுப்பில் இருந்த பாட்டிலை அவர் உருவவே இல்லை.