இடது பக்கத்துக் கதவு

2024 மார்ச் 3

லண்டனிலிருந்து குடும்பத்தோடு பரிஸ் நகருக்குக் குடிபோகப் போகிறோம். அங்கே இருக்கிற மச்சான் இன்றைக்கும் அதையே சொன்னான். "உந்த வானை அங்கேயே வித்துப்போட்டு வா. வலது பக்க ஸ்டேரிங்கோட இங்க வந்து என்ன செய்யப்போறாய்?"

விற்க மனமில்லை. 2017 வான், ஏழு இருக்கை, அம்மாவும் மூன்று பிள்ளைகளும் இடிபடாமல் வருகிற வண்டி. போகிற போக்கில் இதைக் கொடுத்துவிட்டு, லண்டனிலேயே புதிது ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு ஆசை இருந்தது. விதியை வாசித்ததும் அதுவும் போய்விட்டது. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு லண்டன் வண்டி பிரான்சுக்கு வெளிநாட்டுச் சரக்கு. காருக்குப் பொதுவாகச் சுங்கம் 10 வீதம், அதற்கு மேல் வற் வரி 20 வீதம். வீடு மாறிப் போகிறவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே 12 மாதம் வசித்திருக்க வேண்டும், வண்டியும் 6 மாதமாவது கையில் இருந்திருக்க வேண்டும். நாங்கள் ஆகஸ்டில் போகிறோம். இன்றைக்கே வாங்கினாலும் கணக்கு வராது.

பழைய வானே போகட்டும்.

ஜூலை 20

கடதாசி அலுவல். வீட்டுச் சாமான் பட்டியல் எழுதியாயிற்று. வண்டி அதில் ஒரு வரி, அம்மாவின் ஆட்டுக்கல் இன்னொரு வரி. லொக் புக்கில், அதாவது வண்டியின் பதிவுப் புத்தகத்தில், நிரந்தர ஏற்றுமதிக்கான துண்டைக் கிழித்து ஸ்வான்சியிலுள்ள வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும், பிரெஞ்சுக்காரர் அதைத்தான் கேட்பார்கள். தயாரித்த நிறுவனத்திடமிருந்து வண்டி ஐரோப்பியத் தரத்துக்கு ஒத்தது என்கிற சான்றிதழும் வந்துவிட்டது. இன்னொரு நிபந்தனை: வரி கட்டாமல் கொண்டுபோகிற வண்டியை 12 மாதத்துக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. மச்சானுக்குச் சொன்னேன், சிரித்தான்.

ஆகஸ்ட் 24

டோவரில் கப்பலேறி, ஒன்றரை மணித்தியாலத்தில் பிரான்சின் கலே துறைமுகம். முன்விளக்குகளில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். இங்கிலாந்து வண்டியின் வெளிச்சம் இடப்பக்க ஓரத்தைத் தூக்கிக் காட்டும். இங்கே வலப்பக்கமாக ஓட்டுவதால் அது எதிரே வருகிறவனின் கண்ணுக்குள் போகும்.

சுங்கத்தில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். முதல் சுற்றுவட்டத்தில் யாழ்ப்பாணமும் லண்டனும் சேர்ந்து என் கையை இடப்பக்கம் இழுத்தன. முப்பது வருஷப் பழக்கம், கலேயில் ஐந்து நிமிடத்தில் போய்விடுமா? மனுசி கத்தின கத்தில் பின்னால் தூங்கின சின்னவன் எழும்பிவிட்டான்.

அதற்குப் பிறகு வண்டியை ஓட்டினது பாதி நான், பாதி அவள். நெடுஞ்சாலையில் ஏறும்போது இடது தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து யன்னலில் இருப்பவள் அவள். "பொறுங்கோ... பொறுங்கோ... லொறி வருது... இப்ப போங்கோ!" சுங்கச்சாவடியிலும் அவள்தான். டிக்கெட் இயந்திரம் இடப்பக்கம், நான் கைநீட்டினால் எட்டாது. பரிசுக்கு முன்னால் ஷமோன் சாவடியில் பணம் கட்டினதும் அவளே. மழை தூறினதால் 130 வேக எல்லை 110 ஆனது எனக்கு நிம்மதி.

ஆகஸ்ட் 27

யாருமே சொல்லாத ஒரு விஷயம். எங்கள் வானுக்கு இழுக்கிற கதவு ஒன்றுதான், அது இடப்பக்கம். லண்டனில் அது நடைபாதைப் பக்கம். இங்கே வலப்பக்க ஓரத்தில் நிறுத்தினால் நடுத்தெருவுக்குத் திறக்கிறது. பரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் மரக்கறி வாங்க நிறுத்தி அம்மாவை இறக்கும்போது ஒரு ஸ்கூட்டர் உரசாத குறையாகப் போனது. "இதென்ன, றோட்டிலயோ இறக்கிறாய்?" என்று அம்மா கேட்டா. விளக்கையும் வேகமானியையும் பற்றி மாதக்கணக்காக வாசித்தேன், இது ஒருநாளும் தலையில் ஏறவில்லை.

வழி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். ஒருவழித் தெருவில் இடப்பக்க ஓரத்திலும் நிறுத்தலாம். இனிமேல் எங்கே போனாலும் முதலில் ஒருவழித் தெரு தேடுவதுதான் வேலை.

செப்டம்பர் 17

கொன்ரோல் ரெக்னிக், பிரான்சின் வாகனப் பரிசோதனை. லண்டனில் செய்த எம்.ஓ.ரி. பரிசோதனை இங்கே செல்லாது. நாலு வயதைத் தாண்டின வண்டி, ஆகவே இதில் பாஸானால்தான் பதிவு. பெயில். எதிர்பார்த்ததுதான்: முன்விளக்கு. ஸ்டிக்கர் பயணத்துக்குச் சரி, சோதனைக்கு உதவாது. திருத்திக்கொண்டு திரும்பி வர 2 மாதம் தவணை. பின்பக்க மூடுபனி விளக்கும் வலப்பக்கம் மட்டும்தான் எரிகிறது. இங்கே இடப்பக்கமோ நடுவிலோ இருக்க வேண்டும்.

அக்டோபர் 5

பரிசுக்குப் பக்கத்து லாகூர்னேவில் ஒரு தமிழ் கராஜ்காரர், உடைத்த வண்டி ஒன்றிலிருந்து இடது ஸ்டேரிங் விளக்கு ஒரு சோடி எடுத்துத் தந்தார். மூடுபனி விளக்கின் வயரையும் மற்றப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார். "அண்ணை, கதவையும் மாத்தித் தரட்டோ?" என்று கேட்டார். பகிடிதான். ஒரு நிமிடம் உண்மையிலேயே யோசித்தேன்.

அக்டோபர் 11

பாஸ். வண்டிக்குச் சுங்க அலுவல் முடிந்தது என்கிற 846ஏ சான்றிதழ், ஐரோப்பியத் தரச் சான்றிதழ், லொக் புக், எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி இணையத்தில் ஏற்றியாயிற்று. இனிக் காத்திருப்பு.

நவம்பர் 23

காட் கிறீஸ், பிரெஞ்சு வாகனப் பதிவு அட்டை, வந்தது. புது நம்பர் தகடும் பூட்டியாயிற்று. மனுசிக்குக் காட்டலாமென்றால் அவள் வேலைக்குப் போய்விட்டாள். தனியே சாமான் வாங்கப் போனேன். கடையின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருந்து வெளியே வரும்போது டிக்கெட் இயந்திரம் இடப்பக்கம். இறங்கி, வானைச் சுற்றி ஓடி, டிக்கெட்டைப் போட்டு, திரும்பி ஓடி வந்து ஏறுவதற்குள் தடுப்பு விழுந்துவிட்டது. பின்னால் நாலு கார் ஹோர்ன்.

பொத்தானை அமத்தி, தெரிந்த பிரெஞ்சு முழுவதையும் சொன்னேன். யாரோ திறந்துவிட்டார்கள்.