256-ஆ, 500-ஆ, 1 டிபி-யா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஓர் எஸ்எஸ்டி வாங்கிய கதை

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எப்படியும் 11-ஐ ஏற்ற வேண்டும், அதோடு ஹார்ட்டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும் போட்டுவிடலாம் என்று இறங்கினேன். வீட்டில் இருந்தது பழைய 1 டிபி (1,000 ஜிபி) ஹார்ட்டிஸ்க். பட்டனைத் தட்டிவிட்டுப் போய்த் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டவுனில் கடைத் தம்பி, "வீட்டுக் கம்ப்யூட்டர்தானேண்ணே, 256 போதும்" என்றார். ஈப்போவில் இருக்கும் மச்சானோ, "வாங்குறதே வாங்குற, 1 டிபியா வாங்கு" என்றான். கணினிக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தேன். விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்பது இன்னும் தெளிவாகத் தெரியும்.

மொத்தம் 610 ஜிபி. அதில் 440 ஜிபி பழைய வீடியோவும் படமும். ஓய்வு நேரத்தில் தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம் என்று எடுத்துக் கொடுப்பதால் சேர்ந்தவை. வருஷத்துக்கு ஒருதரம் யாராவது கேட்டால் திறப்பேன், அவ்வளவுதான். இவற்றுக்கு வேகம் எதற்கு? பழைய ஹார்ட்டிஸ்க்கிலேயே கிடக்கட்டும். மீதி 170 ஜிபிதான் எஸ்எஸ்டிக்குப் போக வேண்டியது: விண்டோஸ், மென்பொருள்கள், சின்னவனின் கேம்கள், மகளின் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) பாடங்கள்.

170 என்றால் 256 போதுமே என்று தோன்றும். ஆனால் 256 என்று விற்பது விண்டோஸில் 238 ஆகத்தான் தெரியும். கம்பெனி ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகிறது. விண்டோஸ் 1,07,37,41,824 என்று கணக்கிடுகிறது. ஏமாற்று இல்லை, அளவுகோல் வேறு. அப்போது மிஞ்சுவது 68 ஜிபி. ஒரு கல்யாணத்தின் 4கே வீடியோவை இறக்கி வெட்டி ஒட்டவே அது பத்தாது. அதோடு, விலை குறைந்த எஸ்எஸ்டிகள் காலி இடத்தைத்தான் வேகமான தற்காலிக இடமாகப் பயன்படுத்துகின்றன. நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் விழும். ஐந்தில் ஒரு பங்காவது சும்மா கிடப்பது நல்லது.

ஆயுள் கணக்கையும் பார்த்தேன். சாம்சங் 980 வரிசையில் 250 ஜிபிக்கு 150, 500-க்கு 300, 1 டிபிக்கு 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம். தினமும் 30 ஜிபி எழுதினாலும் 300 டிபி தீர 27 வருஷம் ஆகும். அதற்காக 1 டிபி வாங்க வேண்டியதில்லை, 500-ஐயே எடுத்தேன்.

1 டிபிக்குக் கூடுதலாகக் கொடுக்க இருந்த வெள்ளியில் (ரிங்கிட்டில்) கொஞ்சம் போட்டு ஒரு வெளி ஹார்ட்டிஸ்க் வாங்கிப் படங்களுக்கு இன்னொரு பிரதி எடுத்தேன். இங்கே சாயங்காலம் இடி இடித்தால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அந்தப் பிரதிதான் எனக்கு முக்கியம்.

வாங்கும் முன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தாலும் சிலவற்றில் வேகம் குறைந்த சாட்டா வகை மட்டுமே வேலை செய்யும். என்னுடையது அதைவிட வேகமான என்விஎம்இ வகை, ஆனால் பிசிஐஇ 3.0 தலைமுறை. அதில் 4.0 டிரைவ் போட்டாலும் 3.0 வேகம்தான், எனவே அதற்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை.

விண்டோஸ் ஏற்றும்போது பழைய ஹார்ட்டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டேன். இல்லாவிட்டால் கணினியைத் துவக்கும் பூட் ஃபைல்கள் சில சமயம் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அதைக் கழற்றினால் கணினி எழும்பாது. எல்லாம் முடிந்ததும் வயரை மாட்டி, வீடியோ ஃபோல்டரை அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.

லேப்டாப்காரர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஒரே ஸ்லாட்தான், இரண்டாவது டிஸ்க்குக்கு இடமில்லை என்றால் மச்சான் சொன்ன 1 டிபியே சரி.