பில் மன்ரோவின் வலக்கை

அமெரிக்க மாண்டலின் கலைஞர் பில் மன்ரோ வாசித்த ஒரு மெட்டின் டேப்பை, அதாவது தந்தியையும் விரல் வைக்கும் இடத்தையும் எண்ணால் குறித்த தாளைத் தேடி எடுத்து, ஒரு சுரம்கூடப் பிசகாமல் வாசித்தாலும் அது மன்ரோ மாதிரி இருக்காது. சுத்தமாக இருக்கும், வேகம்கூட இருக்கும், ஆனால் உப்பில்லாமல் இருக்கும். டேப் சொல்வது இடக்கையின் கணக்கு: எந்தத் தந்தி, எத்தனையாவது ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி). மன்ரோவின் ப்ளூகிராஸ் (அமெரிக்கக் கிராமிய இசை வகை) பாணியில் முக்கால்வாசி வலக்கையில் இருக்கிறது. அதைத் தாளில் எழுதியவர்களும் பெரும்பாலும் கீழ், மேல் என்று ஒரு குறி போட்டதோடு விட்டுவிட்டார்கள். அதனால் இதைக் கேள்வி ஞானமாகத்தான் படிக்க வேண்டும். நம் ஊரில் சங்கீதம் படித்தவர்களுக்கு இது புதிதில்லை.

மன்ரோ 1911-ல் கென்டக்கி மாநிலத்தின் ரோசின் என்ற சிற்றூரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. ஒரு அண்ணன் ஃபிடிலை (நாட்டுப்புற வயலின்) எடுத்துக்கொண்டார், இன்னொரு அண்ணன் கிட்டாரை எடுத்துக்கொண்டார், கடைசிப் பையனுக்கு மிஞ்சியது மாண்டலின். தாய்மாமன் பென் வாண்டிவர் ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசித்தவர். அவருக்குத் துணையாக வாசித்தே பையன் வளர்ந்தான். அதே வட்டாரத்தில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் கிட்டாரிலும் ஃபிடிலிலும் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையை வாசித்துக்கொண்டிருந்தார். மாமனின் வில்லசைவும் ஷுல்ட்ஸின் ப்ளூஸும்தான் மன்ரோவின் கைக்குள் போனவை. கீழே வரும் ஒவ்வொரு பயிற்சியும் இந்த இரண்டில் ஒன்றிலிருந்து வருவதுதான்.

முதலில் வாத்தியம். மாண்டலின் என்றதும் நமக்கு உ. ஸ்ரீநிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் கையில் இருந்தது ஒற்றைத் தந்திகள் ஐந்து கொண்ட எலக்ட்ரிக் மாண்டலின், கமகத்துக்கு வளைந்து கொடுக்கும். மன்ரோவுடையதில் ஜோடி ஜோடியாக எட்டுத் தந்தி, மின்சாரம் கிடையாது, இழுவிசையும் அதிகம். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிப்பது இதில் ஏறக்குறைய நடக்காது. சறுக்கல்தான் வழி. அவர் வாழ்நாளின் பெரும்பகுதி வாசித்தது 1923 ஜூலை 9 என்று தேதியிட்டு கிப்சன் நிறுவனத்தின் லாய்ட் லோர் கையெழுத்திட்ட எஃப்-5 மாண்டலின். மேற்பலகை வயலின்போல வளைத்துச் செதுக்கியது, துளைகளும் வயலினைப் போல நீண்டவை. உங்களிடம் வட்டத் துளை மாண்டலின் இருந்தாலும் பழகலாம். ஆனால் அதன் நாதம் நீண்டு நிற்கும். பின்னால் சொல்லப்போகும் 'சாப்' என்ற குறுகிய தாள வெட்டு அதில் கொஞ்சம் குழைந்துதான் கேட்கும், அது உங்கள் கையின் குற்றமில்லை.

தந்தி கனமாக இருக்கட்டும். 0.011, 0.015, 0.026, 0.040 அங்குலம் என்று வரும் நடுத்தரக் கனம் போதும். சுருதி வயலினுக்கு உள்ளதேதான், தடித்த நாலாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்திவரை ஜி, டி, ஏ, இ. பிக், அதாவது தந்தியை மீட்டும் சிறு வில்லை, 1.2 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையாமல், முனை மழுங்கியதாக இருக்க வேண்டும். கிட்டாருக்கு விற்கும் 0.7 பிக் கீழ்வீச்சில் வளைந்து, தந்தியைத் தாண்டிய பிறகு 'சட்' என்று ஒரு பிளாஸ்டிக் சத்தம் போடும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் நாலாம் தந்தியின் உயரம் ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால், பலமாக அடிக்கும்போது ஃப்ரெட்டில் மோதி இரையும். இந்தப் பாணிக்குச் சற்று உயரமே நல்லது.

இனி விஷயத்துக்கு வருவோம். மாண்டலின் படிக்கும் எல்லோருக்கும் முதல் நாளே கீழ்-மேல்-கீழ்-மேல் என்று மாற்றி மாற்றி அடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். மன்ரோ மிதமான வேகப் பாட்டுகளில் வரிசையாகக் கீழ்வீச்சிலேயே போவார். அடிக்கு இரண்டு சுரம் வரும் இடத்திலும் கீழ், கீழ், கீழ், கீழ்தான். ஏன் என்பதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். ஏ ஜோடியை ஒரு முறை மேல்நோக்கி அடியுங்கள். பிக் பெரும்பாலும் முதலில் தட்டுப்படும் ஒரு தந்தியைத்தான் உரசிவிட்டு வெளியேறும். அதே ஜோடியைக் கீழ்நோக்கி, கையின் எடையோடு அடியுங்கள். இரண்டு தந்தியும் ஒரே மூச்சில் ஒலிக்கும், ஒலி தடிமனாகும். மாற்றி மாற்றி அடிக்கும்போது ஒரு சுரம் தடியாகவும் அடுத்தது மெலிந்தும் வரும். கீழ்வீச்சு வரிசையில் எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் வந்து விழும். மன்ரோவின் வாசிப்பில் நம்மை முன்னால் தள்ளுகிற அந்த உந்துதல் இந்தச் சமகனத்திலிருந்து வருவது.

ஆள்காட்டி விரலை மடக்கி, அதன் முதல் கணுவின் பக்கவாட்டில் பிக்கை வைத்து, கட்டைவிரலால் மூடுங்கள். முனை நாலைந்து மில்லிமீட்டர் வெளியே தெரிந்தால் போதும். மற்ற விரல்கள் தளர்வாக மடிந்திருக்கட்டும். உள்ளங்கையைப் பிரிட்ஜில் (தந்திகளைத் தாங்கும் குதிரை) ஊன்றாதீர்கள், ஊன்றினால் மணிக்கட்டு பூட்டிக்கொள்ளும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வைத்து, ஏ தந்தியைத் திறந்து விட்டு, அடிக்கு இரண்டு கீழ்வீச்சு. ஒவ்வொரு வீச்சும் ஏ ஜோடியைத் தாண்டி அடுத்திருக்கும் இ ஜோடியின் மேல் வந்து ஓய வேண்டும். ஓயும் அந்தக் கணம் முக்கியம். அங்கிருந்து கை சத்தமில்லாமல் மேலே வரும். 60-ல் ஒலி சமமானதும் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். 110, 120 வாக்கில் கை தானாகவே 'முடியாது' என்று சொல்லும். அங்கே மாற்றி மாற்றி அடிப்பதற்குப் போய்விட வேண்டியதுதான், மன்ரோவும் வேகப் பாட்டுகளில் அப்படித்தான் போனார்.

இதில் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. இரண்டு நிமிடத்தில் முழங்கைக்குக் கீழே தசை இறுகும், உடனே பிக்கை இன்னும் அழுத்திப் பிடிப்போம், ஒலி மெலியும், மெலிந்ததே என்று இன்னும் பலமாக அடிப்போம். ஒலி மெலிந்தால் பிடியைத் தளர்த்த வேண்டும். பிக் கையிலிருந்து நழுவிவிடுமோ என்று பயம் வரும் அளவுக்குத் தளர்ந்த பிடிதான் சரியான பிடி. அரை நிமிடம் வாசித்து, அரை நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். வலி என்று ஒன்று வந்தால் அன்றைக்குக் கடையைக் கட்டிவிடலாம்.

அடுத்தது வில். ஃபிடில்காரர்கள் நடனத்துக்கு வாசிக்கும்போது ஒரு நீள வீச்சு, இரண்டு குறு வீச்சு என்று வில்லை ஓட்டுவார்கள். சொல்கட்டாகச் சொன்னால் 'தாம் தக தாம் தக'. மாண்டலினில் 'தாம்' கீழ், 'த' கீழ், 'க' மேல். இதை முதலில் வாயால் சொல்லி, பிறகு இடக்கையால் தந்திகளை மூடிக்கொண்டு வெறும் சத்தமாக அடித்து, அதற்குப் பிறகுதான் சுரம் சேர்க்க வேண்டும். 'தாம்' அடிக்கும்போது பக்கத்துத் திறந்த தந்தியும் சேர்ந்து ஒலித்தால் நல்லது, ஃபிடிலில் அப்படித்தான் இரட்டைத் தந்தி உரசும். கர்நாடக சங்கீதக் காதுக்கு அது ஆதார ஸ்ருதி கூடவே வருவதுபோல இருக்கும்.

ப்ளூஸ் பக்கம் நமக்குச் சுலபம். ஏ-யை ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். இ தந்தியில் 5, 3, 0. ஏ தந்தியில் 5, 3, 0. மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும் இந்த ஆறு சுரமும் சுத்த தன்யாசியின் அவரோகணம்தான். ப்ளூஸ்காரர்களின் சொத்தும் அதே ஐந்து சுரம்தான். வித்தியாசம் காந்தாரத்தில் இருக்கிறது. சுத்த தன்யாசியில் சாதாரண காந்தாரத்தோடு நிறுத்துவோம். இங்கே பின்னணியில் கிட்டார் அந்தர காந்தாரம் உள்ள கார்டை (பல சுரம் சேர்ந்த ஒலி) போட்டுக்கொண்டிருக்கும். மன்ரோ சாதாரண காந்தாரத்தில் விரலை வைத்து அந்தரத்துக்குச் சறுக்குவார். ஏ தந்தியில் மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து நான்காம் ஃப்ரெட்டுக்கு, கூடவே இ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டைப் பிடித்தபடி, ஒரே கீழ்வீச்சில். சறுக்கல் அடிக்கு முன்னாலேயே முடிந்துவிட்டால் அலங்காரமாகப் போய்விடும். மூன்றாம் ஃப்ரெட் அடியிலேயே விழுந்து, அந்த உரசல் ஒரு கணம் காதில் பட்டு, பிறகு மேலேற வேண்டும். நம் ஜாருவைவிட இது குட்டை, முரடும்கூட.

இதே உருவை ஜி-க்கு மாற்றினால் இ தந்தியில் 3, 1, ஏ தந்தியில் 5, 3, 1, கடைசியில் டி தந்தியில் 5. திறந்த தந்தி ஒன்றுகூட இல்லை. இதன் பலன் என்னவென்றால், அப்படியே நாலு ஃப்ரெட் மேலே தள்ளினால் பி சுருதி. மன்ரோ உச்சக் குரலில் பாடியவர். குரலுக்காகப் பி, பி ஃப்ளாட், இ என்று ஃபிடில்காரர்கள் முகம் சுளிக்கும் சுருதிகளில் பாட்டை வைத்துக்கொண்டார். திறந்த தந்தியை நம்பி வாசிப்பவர் அங்கே திணறுவார். எனவே ஜி உருவை எப்போது கற்றாலும் அதே நாளில் பி-யிலும் வாசித்துப் பாருங்கள்.

சாப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். மன்ரோவின் குழுவில் டிரம் கிடையாது. பாஸ் 1, 3 அடிகளில் விழும், மாண்டலின் 2, 4-ல் வெட்டும். ஜி சாப்: நாலாம் தந்தி 7 சுண்டுவிரல், மூன்றாம் தந்தி 5 மோதிரவிரல், இரண்டாம் தந்தி 2 ஆள்காட்டி, முதல் தந்தி 3 நடுவிரல். விரல் எட்டாவிட்டால் முதல் தந்தியை அழுத்தாமல் தொட்டு மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் பிடியுங்கள். அடித்த மறுகணம் அழுத்தத்தை எடுக்க வேண்டும், விரலை எடுக்கக் கூடாது. விரல் தந்தியை விட்டுப் பிரிந்தால் திறந்த தந்திகள் கணகணக்கும். தாமதமாகத் தளர்த்தினால் 'டக்' வராமல் 'டங்ங்' என்று இழுக்கும். மெட்ரோனோமை இரண்டாம், நாலாம் அடிகளாகப் பாவித்துப் பழகுங்கள். முதல் வாரம் அது உங்களை முந்துவதுபோலவே தோன்றும், உண்மையில் நீங்கள்தான் முந்துகிறீர்கள். இன்னொன்று: இன்றைக்குப் பலர் சாப்பை முற்றிலும் வறட்டுச் சத்தமாக அடிக்கிறார்கள். மன்ரோவின் சாப்பில் மரத்தின் அடிநாதமும் கொஞ்சம் கேட்கும்.

எதைக் கேட்டுப் படிப்பது? 1936 முதல் 1938 வரை அண்ணன் சார்லியோடு பதிவு செய்தவற்றில் கிட்டாரும் மாண்டலினும் இரண்டு குரலும்தான். மாண்டலின் தெளிவாகக் கேட்கும் என்பதால் அங்கே ஆரம்பிக்கலாம். பாணி முழு உரு எடுத்தது பின்னால்தான், எர்ல் ஸ்க்ரக்ஸ் பாஞ்சோவோடு இருந்த 1946-47 பதிவுகளிலும், அதற்குப் பிறகு டெக்கா நிறுவனத்துக்காகச் செய்த 1950-களின் பதிவுகளிலும். எல்லோரும் ஓடிப்போய் முதலில் பிடிப்பது 'ராஹைட்'. சி-யில் தலைதெறிக்க ஓடும் மெட்டு, கீழ்வீச்சைக் கற்றுக்கொள்ள அதில் இடமே இல்லை. ஆறு மாதம் கழித்து அதற்கு வாருங்கள்.

ஒரு பாட்டின் ஒரே ஒரு பிரேக்கை, அதாவது பாட்டுக்கு நடுவே வரும் தனி வாசிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பதினாறு மாத்திரைக் கட்டம் போதும். அதை வாயால் பாட வரும்வரை வாத்தியத்தைத் தொடாதீர்கள். பிறகு வேகத்தை 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். இப்போது சுருதி மாறாமல் மென்பொருள் குறைத்துக் கொடுக்கும். இசைத்தட்டுக் காலத்தில் 33⅓ தட்டை 16⅔ வேகத்தில் ஓட்டிப் படித்தார்கள். பாதி வேகம் என்பதால் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும், தந்தியைத் திரும்பச் சுருதி சேர்க்க வேண்டியதில்லை. பழைய பதிவுகளில் சுருதி இன்றைய அளவுக்குச் சற்று ஏறியோ இறங்கியோ இருக்கும். முதலில் அதைச் சரிசெய்யாமல் வாசித்தால், எந்தத் தந்தி திறந்து ஒலிக்கிறது என்பதையே தப்பாகக் கணிப்பீர்கள். திறந்த தந்தியின் ஒலி விரலை எடுத்த பிறகும் நிற்கும், அழுத்திய தந்தியின் ஒலி விரலோடு செத்துவிடும். பிடி எங்கே இருக்கிறது என்பதற்கு அதுதான் துப்பு.

பிறகு அதே பாட்டின் இன்னொரு பதிவைத் தேடுங்கள். மன்ரோ இரண்டு முறை ஒரே மாதிரி வாசித்தவரில்லை. இரண்டிலும் மாறாமல் இருப்பது மெட்டு, மாறியவை அன்றைய கற்பனை. 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி'யை 1946-ல் முழுக்க மூன்றடி வால்ட்ஸாகப் பதிவு செய்தார். எல்விஸ் பிரெஸ்லி 1954-ல் அதை நாலடியில் துள்ளலாகப் பாடி வெளியிட்ட பிறகு, அதே ஆண்டு மன்ரோ மறுபடி பதிவு செய்தபோது வால்ட்ஸில் தொடங்கி நாலடிக்கு மாறினார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், தாளம் மாறும்போது வலக்கை எப்படி மாறுகிறது என்பது பாடமெடுத்ததுபோலப் புரியும்.

கேட்கும்போது காதில் விழாத சுரங்களும் இருக்கும். மன்ரோ சில சுரங்களை அரைகுறையாகத் தொட்டுவிட்டுப் போவார், சில இடத்தில் பிக் தந்தியில் படாமல் காற்றில் மட்டும் வீசும். டேப் எழுதுபவர் அந்த இடத்தை ஏதாவது ஒரு சுரத்தால் நிரப்பிவிடுவார். நீங்கள் நிரப்ப வேண்டாம். கை ஆடட்டும், சுரம் வராமல் போகட்டும்.

'கெட் அப் ஜான்' மாதிரி சில மெட்டுகளுக்கு மட்டும் அவர் ஜோடித் தந்திகளைப் பிரித்து வெவ்வேறு சுருதியில் வைப்பார். நாலாம் ஜோடியில் ஒன்று எஃப் ஷார்ப்புக்கு இறங்கும், மற்றது ஏ-க்கு ஏறும். முதல் ஜோடியில் ஒன்று டி-க்கும் மற்றது ஏ-க்கும் இறங்கும். நடு இரண்டு ஜோடி அப்படியே இருக்கும். ஏற்றுகிற ஜி தந்தி பழையதாக இருந்தால் அறுந்துபோகும், அதனால் புதுத் தந்தி போட்ட வாரத்தில் முயலுங்கள். திரும்ப வழக்கமான சுருதிக்குக் கொண்டுவந்த பிறகும் அந்த நாலு தந்தியும் கால் மணி நேரத்துக்கு நிலைகொள்ளாது. இன்னொரு மாண்டலின் கைவசம் இல்லையென்றால், இதை அன்றைய சாதகத்தின் கடைசி உருப்படியாக வைத்துக்கொள்ளுங்கள்.