இடது கைக்காரியும் கலிபோர்னியாவின் துப்பாக்கிப் பட்டியலும்

2023 டிசம்பரில் டல்லாஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோதுதான் முதல்முறையாக ஒரு பிஸ்டல் என் கைக்குச் சரியாகப் பொருந்தியது. கிளாக் 19, ஐந்தாம் தலைமுறை. 'ஜென் 5' என்பார்கள். அதற்கு முன் ஓராண்டாக இங்கே கலிபோர்னியாவில், சாக்ரமென்டோ பக்கத்தில் ஒரு சுடுதளத்தில், பெண்களுக்கான வகுப்பில் சேர்ந்து வாடகைத் துப்பாக்கிகளில் பழகிக்கொண்டிருந்தேன். கற்றுக்கொடுத்த அம்மா நல்ல பொறுமைசாலி. ஆனாலும் மேகசினை, அதாவது கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை, கழற்றும்போதெல்லாம் என் பிடி கலைந்துவிடும். காரணம், நான் இடது கைக்காரி.

வகுப்பில் இருந்த கிளாக் 19, மூன்றாம் தலைமுறை. அதில் மேகசினை விடுவிக்கும் பொத்தான் இடது பக்கம் இருக்கும். வலது கையால் பிடிப்பவருக்குக் கட்டைவிரல் அங்கே தானாகப் போய் நிற்கும். எனக்கோ ஆள்காட்டி விரலால்தான் அதை அழுத்த முடியும். ட்ரிகருக்கு வெளியே அசையாமல் நீட்டி வைத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்த அதே விரல். கைப்பிடியில் விரல்களுக்கென்று வெட்டிய பள்ளங்கள் வேறு என் சின்னக் கைக்கு ஒத்துவரவில்லை. தம்பியின் ஜென் 5இல் அந்தப் பள்ளங்களே இல்லை. மேகசின் பொத்தானைக் கழற்றி வலது பக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) விடுவிக்கும் நெம்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. அரை மணி நேரம் சுட்டேன். பிடி ஒரு தடவைகூடக் கலையவில்லை. ஊருக்குத் திரும்பியதும் இதையே வாங்கிவிடுவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். கூடவே ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. 25 டாலர் கட்டி, கடையிலேயே 30 கேள்விகளுக்கு விடை எழுதி, 23 சரியாக இருந்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும் அட்டை கிடைக்கும். கையேட்டை இரண்டு முறை வாசித்துவிட்டுப் போனால் போதும். பரீட்சை எனக்குச் சிரமமாக இல்லை, முகவரிச் சான்றுதான் இழுத்தடித்தது. நாங்கள் வீடு மாறி நான்கு மாதம் ஆகியும் ஓட்டுநர் உரிமத்தில் பழைய முகவரியே இருந்தது. கைபேசிக் கட்டண ரசீதை நீட்டினேன், செல்லாது என்றார் கடைக்காரர். வீட்டோடு இணைப்பில் இருக்கும் சேவையின் ரசீதாக இருக்க வேண்டுமாம்: மின்சாரம், எரிவாயு, தண்ணீர் போல. அதுவும் கடந்த மூன்று மாதத்துக்குள். உரிமத்தில் முகவரியை மாற்றி, மின்கட்டண ரசீதையும் எடுத்துக்கொண்டு மறுபடி போவதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. முதலில் இதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

(நான் குடியுரிமை பெற்றவள். பச்சை அட்டை உள்ளவர்களும் வாங்கலாம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நம்மவர்கள் நிறையப் பேர் இதைக் கேட்பதால் சொல்கிறேன்.)

சரி, எல்லாத் தாளும் கையில். கடையில் போய், "கிளாக் 19 ஜென் 5 ஒன்று வேண்டும்" என்றேன். பெரியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஜென் 3ஐக் காட்டி, "புதியதாக இதைத்தான் தர முடியும். அது ரோஸ்டரில் இல்லை" என்றார். ஜென் 5 வெளிவந்தது 2017இல். ஜென் 4 அதற்கும் பல வருடம் முந்தியது. இரண்டுமே இந்த மாநிலத்தில் கடையில் புதியதாக வாங்க முடியாதவை என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ரோஸ்டர் என்பது கலிபோர்னியா நீதித் துறை வைத்திருக்கும், சான்று பெற்ற கைத்துப்பாக்கிகளின் பட்டியல். 1999இல் இயற்றி 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அதற்கு அடிப்படை. பட்டியலில் இல்லாதது எல்லாம் சட்டத்தின் மொழியில் 'பாதுகாப்பற்ற கைத்துப்பாக்கி'. தம்பியின் பிஸ்டலுக்கு அப்படி ஒரு பெயர் என்பதை நம்பவே முடியாமல் அன்றிரவு உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன்.

படித்ததும் முதலில் மரியாதைதான் வந்தது. அந்தக் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் சில நிறுவனங்கள் மலிவான உலோகக் கலவையில் கைத்துப்பாக்கிகளை வார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தன. கீழே விழுந்தாலே வெடிக்கக்கூடியவையும் அவற்றில் உண்டு. அதைத் தடுக்கத்தான் சோதனைகள். ஒரு மீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலான உயரத்திலிருந்து கான்கிரீட்டின் மேல் ஆறு நிலைகளில் போட்டுப் பார்ப்பார்கள். வெடிக்கக் கூடாது. 600 தோட்டாக்கள் சுட்டுப் பார்ப்பார்கள். முதல் இருபதில் ஒரு கோளாறும் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்திருக்கும் எனக்கு இதில் ஒரு வார்த்தை குறை சொல்ல இல்லை.

சிக்கல் பிறகு சேர்த்த நிபந்தனைகளில் தொடங்குகிறது. 2007 முதல், புதிதாகப் பட்டியலில் சேரும் செமி ஆட்டோமேட்டிக் (ஒரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்) பிஸ்டலில் இரண்டு அம்சங்கள் இருக்க வேண்டும். தோட்டா உள்ளே ஏறியிருக்கிறது என்பதை வெளியே காட்டும் அடையாளம் ஒன்று. மேகசினை எடுத்துவிட்டால் சுடாமல் தடுக்கும் அமைப்பு இன்னொன்று. அடுத்து 2013 மே 17 அன்று மைக்ரோஸ்டாம்பிங் நடைமுறைக்கு வந்தது. சுடும்போது துப்பாக்கியின் அடையாள எண்ணைத் தோட்டாவின் உறை மேல் அச்சிட வேண்டும் என்பது நிபந்தனை. அப்படி ஒரு பிஸ்டலை எந்த நிறுவனமும் தயாரித்து விற்கவில்லை. ஆகவே அன்றிலிருந்து ஏறக்குறைய பத்து வருடம் புதிய செமி ஆட்டோமேட்டிக் மாடல் ஒன்றுகூடப் பட்டியலில் ஏறவில்லை. 2014 தொடக்கத்தில் துப்பாக்கி நிறுவனங்களான ருகரும் ஸ்மித் அண்ட் வெஸனும் இந்த நிபந்தனைக்கு உட்பட முடியாது என்று வெளிப்படையாகவே அறிவித்தன.

அதே சமயம், முன்பே பட்டியலில் இருந்தவற்றுக்கு இந்தப் புதிய நிபந்தனைகள் கிடையாது. நிறுவனம் வருடத்துக்கு 200 டாலர் கட்டிவந்தால் மாடல் பட்டியலில் நிற்கும். ஆனால் வடிவமைப்பில் கை வைத்தால் அது புது மாடல், புது நிபந்தனைகள். நான் போனபோது ஜென் 3 கடையில் இருந்ததும், அதைத் திருத்திச் செய்த ஜென் 5 இல்லாததும் இதனால்தான். மேற்சொன்ன இரண்டு அம்சங்களையும் கேட்கும் அந்த விதியை ஜென் 3 எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. பாதுகாப்புக்காக எழுதிய ஒரு சட்டம், இடது கைக்காரிக்குப் பாதுகாப்பாகப் பிடிக்க வருகிற துப்பாக்கியை மறுத்து, பிடிக்க வராததைக் கையில் கொடுக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே வலித்தது. சின்ன வயதில் இடது கையால் சாப்பிட உட்கார்ந்து வாங்கிய அடிகள் நினைவுக்கு வந்தன.

இந்த வலி எனக்கு மட்டுமல்ல என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. 2009இல் தொடுத்த ஒரு வழக்கில், வலது முழங்கைக்குக் கீழே கை இல்லாமல் பிறந்த ஒருவரும் மனுதாரர். அவர் கேட்டது இரு பக்கமும் மேகசின் பொத்தான் உள்ள கிளாக் 21. சாதாரணப் பொத்தான் உள்ள அதே மாடல் பட்டியலில் இருந்தது, அவருக்குத் தேவையானது இல்லை. ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் சட்டத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பிறகு 2023 மார்ச்சில், போலண்ட் எதிர் போன்டா வழக்கில் நீதிபதி கார்மக் கார்னி மூன்று நிபந்தனைகளுக்கும் இடைக்காலத் தடை விதித்தார். மாநிலம் மைக்ரோஸ்டாம்பிங்கை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டுக்கு மேல்முறையீடு செய்தது, அந்த இரண்டும் தொடர்ந்து அமலில் இருந்தன. அதற்கப்புறம்தான் அவ்விரண்டு அம்சங்களோடு கலிபோர்னியாவுக்கென்றே செய்த சில புது மாடல்கள் வரத் தொடங்கின. 2024இல் நான் போனபோது கடையில் இருந்த ஒன்றிரண்டையும் பிடித்துப் பார்த்தேன். அளவில் மிகச் சிறியவை, என் மணிக்கட்டுக்கு உதறல் அதிகம்.

தம்பியிடம் புலம்பினேன். "அக்கா, நானே ஒன்னு வாங்கி அனுப்பிடறேன், விடு" என்றான். இதை மட்டும் செய்துவிடாதீர்கள். இன்னொருவருக்காகப் பணம் வாங்கிக்கொண்டு, தனக்கென்று படிவத்தில் பொய் எழுதி வாங்குவது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். வேறு மாநிலத்திலிருந்து நேராக என் கைக்கு வருவதும் குற்றம். பரிசாகவே கொடுத்தாலும் இங்குள்ள கடை வழியாகத்தான் வர வேண்டும், அங்கே பட்டியல் குறுக்கே நிற்கும். குடும்பத்துக்குள் கைமாற்றுவதற்கு விலக்கு இருக்கிறதுதான். ஆனால் அது பெற்றோர்-பிள்ளை, தாத்தா பாட்டி-பேரப்பிள்ளைகளுக்கு மட்டும். உடன்பிறந்தவருக்குக் கிடையாது. எங்கள் அப்பா டல்லாஸில் இருந்திருந்தால் வழி உண்டு. அவர் கும்பகோணத்தில் இருக்கிறார்.

ரிவால்வருக்குப் போய்விடலாமா என்றும் யோசித்தேன். அதற்கு மேகசின் நிபந்தனைகள் இல்லை, பட்டியலில் வகை வகையாக இருக்கின்றன. ஆனால் உருளையைத் திறக்கும் தாழும் பெரும்பாலும் வலது கைக்காரருக்கே வைத்தது. இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பழகிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

வழி காட்டியது வகுப்பு எடுத்த அம்மாதான். பட்டியல் கட்டுப்படுத்துவது கடைக்காரர் விற்பதைத்தான், இந்த மாநிலத்திலேயே வசிக்கும் தனிநபரிடமிருந்து தனிநபருக்குப் போகும் விற்பனைக்கு அது பொருந்தாது என்றார். வேறு மாநிலத்திலிருந்து குடியேறுகிறவர் தன் துப்பாக்கியைக் கொண்டுவந்து 60 நாளுக்குள் நீதித் துறைக்குத் தெரிவித்தால் அதை வைத்துக்கொள்ளலாம். காவல் துறையினருக்கும் பட்டியலிலிருந்து விலக்கு உண்டு. இந்த இரண்டு வாசல் வழியாக உள்ளே வந்தவை பிறகு கைமாறுகின்றன. மாதக்கணக்காகக் காத்திருந்து, அவருக்குத் தெரிந்த ஒருவர் சில வருடங்களுக்கு முன் அரிசோனாவிலிருந்து கொண்டுவந்த ஜென் 5ஐ விற்கிறார் என்று தகவல் வந்தது. விலை 1,000 டாலர். தம்பி புதியதாகவே 550க்கு வாங்கியது. பேரம் பேசினேன், அவர் இறங்கவில்லை. இங்கே கிடைப்பது அரிது என்பது அவருக்கும் தெரியும். தடை செய்யாத ஒரு பொருளைக் காசு அதிகம் உள்ளவர் மட்டும் வாங்கும்படி ஆக்கி வைத்திருப்பது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

இருவரும் சேர்ந்து கடைக்கு நேரில் போக வேண்டும். முதல் நாள் எனக்கு "இல்லை" சொன்ன அதே பெரியவர், அதே மேசையில், அதே மாடலுக்கான தாள்களைப் பூர்த்தி செய்தார். மாநிலக் கட்டணம் 37.19 டாலர், கடைக்கு 10 டாலர். கட்டைவிரல் ரேகை. மத்திய அரசின் 4473 படிவம். (கடையில் புதியதாக வாங்கினால் 2024 ஜூலை முதல் 11 சதவீதக் கூடுதல் வரியும் உண்டு.) அங்கீகரித்த பூட்டு ஒன்று வாங்க வேண்டும், அல்லது வீட்டில் தகுந்த பெட்டகம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். நான் பூட்டும் வாங்கினேன், பெட்டகமும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இரண்டும் இருக்கட்டும்.

அப்புறம் பத்து நாள் காத்திருப்பு. வெறும் பத்துத் தேதி அல்ல, பத்து முழு 24 மணி நேரம். மாலை 4.20க்குத் தாள் அனுப்பினோம், பத்தாம் நாள் 4.20க்கு முன் கொடுக்க மாட்டார்கள். வாங்கும் முன் கையாளும் விதத்தைச் செய்து காட்ட வேண்டும்: மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, தோட்டா ஏறும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, போலித் தோட்டாவை ஏற்றி இறக்கி, கடைசியில் பூட்டிக் காட்ட வேண்டும். இடது கையால் செய்தேன். பெரியவர், "முதல் தடவை ஜென் 3 பிடித்துப் பார்த்தபோது இவ்வளவு சுத்தமாக வரவில்லையே" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், என் எட்டு மாத அலைச்சலுக்குப் பதில் அதில் இருந்தது.

இன்னும் ஒரு தடங்கல். விற்றவர் கொடுத்த பத்துத் தோட்டா மேகசின்கள் இரண்டும் ஜென் 3 காலத்தவை. (பத்துக்கு மேல் கொள்ளும் மேகசினை இங்கே வாங்க முடியாது.) பழைய மேகசினில் பொத்தான் கவ்வும் வெட்டு ஒரு பக்கம் மட்டுமே. பொத்தானை வலது பக்கம் மாற்றியதும் மேகசின் உள்ளே நிற்காமல் நழுவிவிட்டது. இரு பக்கமும் வெட்டுள்ள புதியவை தேவை. அவற்றுக்குப் பட்டியல் கிடையாது, கடையிலேயே கிடைத்தன.

இதை எழுதும்போது நிலைமை மறுபடி மாறுகிறது. சிறு கருவி ஒன்றைப் பொருத்தி, ஒரே அழுத்தில் தொடர்ந்து சுடும் தானியங்கியாக மாற்றிவிடக்கூடிய கிளாக் வகைப் பிஸ்டல்களைக் கடைகள் விற்பதை 2026 ஜூலை 1 முதல் தடுக்கும் சட்டத்தில் 2025 அக்டோபரில் ஆளுநர் நியூசம் கையெழுத்திட்டிருக்கிறார். மைக்ரோஸ்டாம்பிங்கை 2028இலிருந்து மறுபடி கொண்டுவர இன்னொரு சட்டமும் காத்திருக்கிறது. ஆகவே வாங்க நினைப்பவர்கள் யார் சொன்னதையும் நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். நீதித் துறையின் பட்டியலை மாடல் எண்ணோடு, நிறத்தோடு அன்றைய தேதியில் பாருங்கள். ஒரே மாடலின் கறுப்பு பட்டியலில் இருந்து வேறு நிறம் இல்லாமல் போவதும் உண்டு.

போன சனிக்கிழமை சுடுதளத்தில் வகுப்பு. எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணும் இடது கைக்காரி. வாடகை ஜென் 3இல் மேகசினை எடுக்கப் பிடியைத் திருப்பித் திருப்பித் திணறிக்கொண்டிருந்தாள். வகுப்பு அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, என்னுடையதைக் காலி செய்து காட்டிவிட்டு அவளிடம் கொடுத்தேன். கட்டைவிரல் தானாகப் பொத்தானில் போய் நின்றது. மேகசின் விழுந்தது. "இது எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டாள். உட்கார வைத்து முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.